கதவுக்கு இந்தப் பக்கம் அவள்

செப்டம்பர் 3, புதன்

இன்று ஒத்திகை. பள்ளிக்கூடத்தில் ஒருவன் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று போலீஸ், தீயணைப்பு, எங்கள் ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்து, விடுமுறை விட்ட ஒரு பள்ளியில் நடத்தினோம். நடத்தினோம் என்ன, நாறடித்தோம்.

வந்த வண்டியெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் என் ஆம்புலன்ஸ். காயம்பட்டவராக மைதானத்தில் படுத்திருந்த கான்ஸ்டபிள் எங்களுக்காகக் காத்திருந்து தூங்கியே போனார். ஒலிபெருக்கியில் ஒருவர் மிரட்ட, போனில் ஒருவர் கெஞ்ச, ஜன்னலோரம் இன்னொருவர் பேரம் பேச, குற்றவாளியாக நடித்தவரே, "யாருக்கு சார் நான் பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டார். நடிக்க வந்திருந்த பிள்ளைகள் வெளியே விட்டதும் நேரே கேட்டைத் தாண்டிப் பெற்றோரிடம் ஓடிவிட்டார்கள். உள்ளே மிச்சம் எத்தனை பேர்? யாருக்கும் தெரியாது.

ஒத்திகைக்குப் பொறுப்பு என் மனைவி. இன்ஸ்பெக்டர். இப்படிப்பட்டவர்களிடம் பேசிப் பேசி மனசை இறக்குவதுதான் அவள் வேலை. கடைசியில் எல்லோர் தப்பையும் போட்டு உடைத்தாள். என் வண்டியையும் விடவில்லை. அவளுடைய மேலதிகாரி சிரித்தார். "நிஜத்துல இவ்வளவு யோசிக்க நேரம் இருக்காதும்மா."

"அதனாலதான் சார் இன்னிக்கே யோசிக்கச் சொல்றேன்."

செப்டம்பர் 4

ஊருக்கெல்லாம் பேச்சுவார்த்தை நடத்துகிறவள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. எல்லார் முன்னாலும் என்னைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று கடைசியில் நானே கேட்டேன். "உங்களை மட்டும் விட்டிருந்தா மத்தவங்க என் பேச்சைக் கேப்பாங்களா?" நியாயம்தான். அதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

காலையில் நிஜமாகவே நடந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்பு. மனைவி கோபித்துக்கொண்டு மகளோடு தனியாகப் போய்விட்டாள் என்று ஒருவன், பெட்ரோல் கேனோடு வந்து வகுப்புக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டான். உள்ளே அவன் மகள், மற்ற பிள்ளைகள், டீச்சர்.

சைரனை அணைத்துத் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினேன். அதற்குள் முதல் ஜீப்பில் வந்தவர் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டார். "சுத்தி வளைச்சாச்சு! மரியாதையா வெளிய வா!" உள்ளே பிள்ளைகள் வீறிட்டன. என் மனைவி வந்ததும் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். மாடிக்குப் போய், அந்தக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்தாள்.

"இனிமே நான் மட்டும்தான் உங்ககிட்ட பேசுவேன். வேற யாரும் பேச மாட்டாங்க. சரியா?"

அவனுடைய மனைவி ஓடிவந்து கேட்டிலேயே மயங்கி விழுந்தாள். தெளிய வைத்தேன். "நான் போய் ஒரு வார்த்தை பேசறேங்க, வந்துடுவாரு. என் பொண்ணு உள்ள இருக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலிருந்து அவனும் அவளைத்தான் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். மேலதிகாரி அவளைக் கூட்டிவரச் சொன்னார். மாடிப்படித் திருப்பம் வரை கூட்டிப்போனேன். என் மனைவி எழுந்து வந்து வழியை மறித்தாள்.

"வேண்டாம் சார்."

"அவனே கூப்பிடுறான்மா."

"அதனாலதான் வேண்டாம்."

அந்தப் பெண் அங்கேயே சரிந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்த தாயைத் தடுக்க நீ யாருடி? நாமளும் ஒரு பொண்ணைப் பெத்தவங்கதானே? வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அந்தப் பெண்ணைக் கீழே அனுப்பிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன்.

தெருவில் டிவி வண்டி ஒன்று எல்லாவற்றையும் நேரலையில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் அதைத் தன் போனில் பார்த்துவிட்டான். "ஏமாத்துறியா? பின்னாடி துப்பாக்கியோட ஆளு நிக்குது!"

"ஆமா, நிக்கறாங்க. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். நான் சொல்லாம யாரும் அசைய மாட்டாங்க."

உள்ளே சத்தமே இல்லை. மேலதிகாரி 'பேசு, பேசு' என்று கையை ஆட்டினார். அவள் பேசவில்லை. நான் பாதி சொல்வதற்குள் மீதியைத் தானே முடிக்கிறவள், கண்ணை மூடிக்கொண்டு அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்! பிறகு அவன் அழுகிற சத்தம். ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

"தண்ணி வேணும்."

"தரேன். பிள்ளைங்களுக்கும் தாகமா இருக்கும்ல? அவங்களை முதல்ல அனுப்பிடுங்க. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்."

கதவு திறந்தது. பிள்ளைகள் வந்தார்கள். யாரும் கேட்டுக்கு ஓடவில்லை. நூலகத்தில் உட்கார வைத்துப் பேர் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் பெற்றோர் கையில். டீச்சர் கடைசிப் பிள்ளையோடுதான் வந்தார். அப்புறம் அவன், கையைத் தூக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் பெட்ரோல் சொட்ட.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

செப்டம்பர் 23

நேற்று எழுத முடியாமல் விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வண்டிக்குள், அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான்: "அவ மட்டும் வந்திருந்தா அவ கண்ணு முன்னாடியே கொளுத்தியிருப்பேன் சார். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

படியில் உட்கார்ந்து நான் நினைத்ததெல்லாம் என்ன!

காலையில் இவளிடம் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரியாதப்போ எப்படி அனுப்புறது?" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க வண்டி தெருமுனையில நின்னுச்சு பாருங்க, அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு" என்றாள்.

இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

செப்டம்பர் 25

பேப்பரில் மேலதிகாரியின் படம். இவள் படம் இல்லை. "முகம் தெரியாம இருக்கறதுதான் என் வேலைக்கு நல்லது" என்கிறாள். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

அக்டோபர் 9, வியாழன்

எல்லாத் துறையும் கூடிய கூட்டம். பாராட்டு மழை பொழியும் என்று இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். இவள் எழுந்து மறுபடியும் தப்புகளையே சொன்னாள்: ஒலிபெருக்கி, டிவி வண்டி. மேலதிகாரி குறுக்கிட்டார். சரி, ஆரம்பிச்சுட்டாரு என்று நினைத்தேன்.

"டிவிக்காரங்களை நிறுத்தாதது என் தப்பு. அந்தம்மாவை மேல அனுப்பச் சொன்னதும் என் தப்பு. இவங்க என் பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு நாம வேற மாதிரி உட்கார்ந்திருப்போம்."

சட்டைப் பொத்தான் தெறிக்காததுதான் ஆச்சரியம். என் வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. பரவாயில்லை.

நவம்பர் 6, வியாழன்

அதே பள்ளியில் முதலுதவி வகுப்பு எடுக்கப் போனேன். நாலாம் வகுப்பை வேறு அறைக்கு மாற்றலாமா என்று கேட்டதற்குப் பிள்ளைகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதே டீச்சர். சுவரில் புதுச் சித்திரங்கள். சத்தம் காதைப் பிளந்தது.

கட்டுப் போடக் காட்டிக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அங்கிள், நீங்க போலீஸ் ஆன்ட்டி வீட்டுக்காரரா?"

இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. மூன்று பதக்கம். "ஆமாம்மா" என்றேன்.

"வீட்லயும் அவங்க அப்படித்தான் மெதுவா பேசுவாங்களா?"

வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. குழந்தைகளிடம் பொய் சொல்லக் கூடாது. சிரித்தே சமாளித்தேன்.