இசக்கி விட்ட கொட்டாவி

ஊரையெல்லாம் தூங்கவைத்துவிட்டு, போன ஐப்பசியில் சொல்லாமல் கொள்ளாமல் தானும் தூங்கிப்போன என் அண்ணனுக்கு,

உன்மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் இன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பாளையங்கோட்டையில் நம் ஆஸ்பத்திரி நன்றாக நடக்கிறது. கடைவாய்ப் பல், உடைந்த தாடை, கன்னத்துக் கட்டி எல்லாம் பார்க்கிறேன். தாடை பூட்டிக்கொண்டு வருகிறவர்களை மட்டும் நீ போனபிறகு தொடாமலே இருந்தேன். வாயே திறக்காத ஆளுக்கு மூக்கு வழியாகக் குழாய் இறக்கி மயக்கம் கொடுக்க உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வந்த நான்கு பேரையும் மதுரைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய், இல்லையா?

ஐந்தாவதாக ஏரலிலிருந்து இசக்கி வந்தாள். ஜவுளிக்கடையில் வேலை, இருபத்துநாலு வயது. ஆறு வயதில் படியில் விழுந்து முகவாயில் அடிபட்டதில், ஒரு பக்கத்துக் காதோர மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போயிருந்தது. பல்லுக்கு நடுவே என் சுண்டுவிரல் நகம்கூட நுழையவில்லை. பதினெட்டு வருஷமாகக் கஞ்சியும் கரைத்த இட்லியும்தான். நான் மதுரைக்குச் சீட்டு எழுத ஆரம்பித்ததுமே அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதுரைக்கெல்லாம் எங்களால அலைய முடியாது டாக்டரம்மா. இவ ஒரு தடவ வாய் நெறய சோறு திங்கணும். அத நான் பாக்கணும். அம்புட்டுதான்."

இசக்கி கடித்த பல்லோடு, "நீங்க செஞ்சா செய்யிங்க. இல்லன்னா நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றாள். திமிரைப் பார். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மேலப்பாளையத்து மும்தாஜைக் கூப்பிட்டேன். புதிதாக வந்திருக்கும் மயக்க டாக்டர், என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆபரேஷன் அன்று, இசக்கி முழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாயை விட்டாள். உன்னைப் போல வளவளவென்று பேசவில்லை. "பைய மூச்ச விடும்மா, பைய" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாய் இறங்கிவிட்டது. நான் கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில், "அண்ணே, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். மும்தாஜ்தான், "ஆரம்பிங்கக்கா. அண்ணன் எடத்துல நான் இருக்கேன்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு ஆரம்பித்தேன்.

ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்ததும் வாய் திறந்தது. ஆனால் மேசையில் திறப்பது பெரிதில்லை என்று உனக்குத் தெரியும். தினமும் பல்லுக்கு நடுவே ஐஸ் குச்சிகளை அடுக்கிவைத்துப் பழக்காவிட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும். பத்தாம் நாள் வலி தாங்காமல் இசக்கி குச்சிகளை வீசி எறிந்துவிட்டாள். அவள் அம்மா புதுக் கட்டைப் பிரித்து, "ஏட்டி, அழணும்னா அழு. குச்சிய மட்டும் எடுக்காத" என்று மறுபடியும் வைத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து இன்றைக்கு வந்தார்கள். பயிற்சியை விட்டுவிடாதே என்று நான் நீளமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். நடுவில் இசக்கி ஆவென்று வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. அவளே பயந்துபோய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தானா தொறந்துட்டு டாக்டரம்மா" என்றாள்.

"டாக்டரம்மா பேசும்போது கொட்டாவி விடுதாளே, பாருங்க" என்று அவள் அம்மா திட்டிக்கொண்டே அழுதார்.

பிறகு என் அறையிலேயே கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். அம்மா உருண்டை பிடித்துக் கொடுக்கக் கொடுக்க, இசக்கி வாய் நிறைய வாங்கித் தின்றாள். நானும் மும்தாஜும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனை நாளாயிற்று, அண்ணே?

இனி யாரையும் மதுரைக்கு அனுப்பமாட்டேன். வியாழக்கிழமை சேரன்மகாதேவியிலிருந்து ஒரு டீச்சர் வருகிறார். அவருக்கு இரண்டு பக்கமும் பூட்டு. பயமாகத்தான் இருக்கிறது. தேதி கொடுத்துவிட்டேன்.

உன் ஒரே தங்கச்சி,
வடிவு