பதினோரு ஒன்றுகள்

என் அரசிக்கண்ணுக்கு,

இன்றைக்கு உன் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நெய்வேலியிலிருந்து கடலூருக்கு உன் டயாலிசிஸுக்குப் போவோமே, அங்கே பொழுது போக எண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாய். எம்.எஸ்சி. கணிதத்தைப் பாதியில் விட்ட ஏக்கம் உனக்கு. ஒரு நாள் பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதிக் காட்டினாய். 11111111111.

"இது பகா எண் இல்லப்பா. சின்ன எண்களோட பெருக்கலா ஒடையும். எங்க ஒடையும்னு நீயே கண்டுபுடி."

"எங்கன்னு தெரியாம ஒடையும்னு எப்படிம்மா சொல்றது?"

"அதுக்குன்னு ஒரு சோதனை இருக்கு. ஒடையும்னு மட்டும்தான் சொல்லும். இருபத்திரண்டால வகுத்தா மீதி ஒன்னு வர்ற பகா எண்ணா எடுத்து வகுத்துப் பாரு, போதும்."

ஏன் இருபத்திரண்டு என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேம்பா" என்றாய். அடுத்த வாரம் நீயே இல்லை.

அதிலிருந்து வகுத்துக்கொண்டிருக்கிறேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் உட்காருவேன். இருபத்துமூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது... எதுவும் மீதியில்லாமல் போகவில்லை. ஆயிரங்களைத் தாண்டினேன். நடுவில் ஒரு கழித்தலில் தவறியிருந்தால்? சரியான எண்ணைக் கைவிட்டுவிட்டு வீணாகத் தேடிக்கொண்டிருக்கிறேனோ? மறுபடி முதலிலிருந்து. எரிச்சலில் பேனாவை வீசியெறிந்ததும் உண்டு.

இன்று அம்மா போனில் தேடி விடையைப் பார்த்துவிட்டாள்.

"21649, 513239. பெருக்கிப் பாருங்க. இதோட விட்டுடுங்க."

"உன்னை யாரு கேட்டா?" என்று கத்தினேன்.

"நீங்க சாப்புடாம கெடக்கறத எவ்ளோ நாளுங்க பாத்துகினு இருக்கறது? அவ எனக்கும்தான் பொண்ணு."

பெருக்கினேன். ஒன்றுகள் வரிசையாக வந்து நின்றன. சந்தோஷமே இல்லை அரசி. ஏன் இருபத்திரண்டு? அது கிடைக்கவில்லையே. போனில் அதற்கும் விளக்கம் இருக்கிறது. முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. நீ சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?

கோபம் தணியாமல் பதின்மூன்று ஒன்றுகளை எழுதினேன். பதினொன்றுக்கு இருபத்திரண்டு என்றால் பதின்மூன்றுக்கு இருபத்தாறாக இருக்குமோ? இருபத்தேழு பகா எண் இல்லை. இரண்டு இருபத்தாறு, கூட ஒன்று: ஐம்பத்துமூன்றை எடுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கழித்தலையும் சரிபார்த்தாள்.

மீதி பூஜ்யம்.

"வந்துடுச்சாங்க?"

"வந்துடுச்சு."

ஏன் வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் அழுதாள். எனக்கு மறுபடி உன்மேல்தான் கோபம் வந்தது.

ஒன்று சொல்கிறேன், கண்ணு. அந்த ஏன் என்பதைப் புரிந்துகொள்ளாமல் விடமாட்டேன். நாளையிலிருந்து உன் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்துவைத்து அம்மாவும் நானும் சேர்ந்தே உட்காரப்போகிறோம். சாப்பிட்டுவிட்டுத்தான். புரியாத இடத்திலெல்லாம் உன்னைத் திட்டுவேன். பொறுத்துக்கொள்.

கேட்க இன்னும் கேள்வி வைத்திருக்கும்
உன் அப்பா