கல்லில் இல்லாத இரும்பு

1937 மார்ச் 8, திங்கள்
வயலில் விழுந்த விண்கல்லில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எலுமிச்சங்காய் அளவுதான் கிடைத்தது. இன்று அதை எஃகு உரலில் இடித்துப் பொடித்தேன். இதில் எவ்வளவு இரும்பு என்று நான் சொன்னால், பூமிக்குள்ளும் செவ்வாய்க்குள்ளும் எவ்வளவு இருக்கும் என்று சேஷகிரி சார் கணக்குப் போடுவார்.

மார்ச் 19
நூற்றுக்கு இருபத்தொன்பது. சாருக்கு ஏக சந்தோஷம். "நான் நெனச்ச மாதிரியேதான் ஓய்."
வீட்டில் டோரீன், "அப்ப உங்க வேலைய பர்மனென்ட் பண்ணிடுவாங்களா?" என்றாள். நாலு மாதக் கர்ப்பம் அவளுக்கு.

ஏப்ரல் 14
சாரின் கட்டுரை லண்டன் சஞ்சிகைக்குப் போய்விட்டது. உரலைக் கழுவும்போது பார்த்தேன், அடியில் சில்லுகள் பெயர்ந்திருக்கின்றன. எங்கே போயிருக்கும்?

ஏப்ரல் 15
மிச்சம் ஒரு சிட்டிகைப் பொடி. காந்தத்தில் ஒட்டியதைச் சோதித்தேன். விண்கல் இரும்பில் நிக்கல் இல்லாமல் இராது. நிக்கல் இருந்தால் மருந்து விட்டதும் சிவக்க வேண்டும். பாதிக்கு மேல் சிவக்கவில்லை. உரலோட இரும்பு. அதைத்தான் வானத்துலேர்ந்து வந்ததுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். இதோடு கல் முழுக்க அமிலத்தில் கரைந்தாயிற்று. இனி அளக்க எதுவும் இல்லை.

ஏப்ரல் 16
கல்லைப் பொடித்த நாளின் குறிப்பை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஏப்ரல் 19
சாரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.
"வேற யார்கிட்டயாவது சொன்னீரா?"
"இல்ல சார்."
"அப்ப எங்கிட்டயும் சொல்லல."
"ஒரு லெட்டர் போட்டா நிறுத்திடலாமே சார்."
"போட்டா என் பேரு போகும். உம்ம வேலை போகும். ஆத்துக்காரி உண்டாயிருக்கான்னீரே?"

ஏப்ரல் 25, ஞாயிறு
லண்டனுக்கு நானே கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். சர்ச்சுக்குப் போகும் வழியில் தபால்பெட்டி. டோரீன் என் கையைப் பிடித்து நடந்தாள். தாண்டிப் போனோம். திரும்பும்போதும் தாண்டி வந்தோம்.

மே 3
கடிதத்தை அடுப்பில் போட்டேன். கோழை — வேற என்ன பேரு இதுக்கு?

ஜூன் 11
ஆய்வுக்கூடத்தில் யாரோடும் பேசுவதில்லை. எதை எடை போட்டாலும் மூன்று தடவை போடுகிறேன். என்ன பிரயோஜனம்?

செப்டம்பர் 6
பெண் குழந்தை. கேத்தரின்.

அக்டோபர் 16, சனி
சஞ்சிகை வந்தது. எண் மாறவில்லை. கடைசிப் பத்தியில், மிகக் கவனமான பகுப்பாய்வுக்காக நோயலுக்கு நன்றி என்று என் பெயரைப் போட்டிருக்கிறது. நிரந்தர உத்தரவு நேற்றே வந்துவிட்டது.
டோரீன் அந்தப் பக்கத்தைக் எங்கள் காக்ஸ் டவுனில் தெரிந்த வீடெல்லாம் காட்டிவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்தாள். "கேத்தரின் பெரியவளானதும் படிக்கட்டும். அவங்க அப்பா யாருன்னு தெரியணுமில்ல?"
தெரியட்டும் என்றேன். ஆணியை நான்தான் அடித்தேன்.