இடது பக்கக் கயிறு

ஜனவரி 8, திங்கள்

காலை வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். ஆடிட்டராம். நாற்பது தாண்டி நீச்சல் பழக வருகிறவர்களை முதல் நாளே எடை போட்டுவிடலாம். இவர், மூச்சை வெளியே விட்டால் திரும்பக் கிடைக்காது என்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ரகம். "தண்ணிக்குள்ள மூக்கால, வாயால ஊதித் தள்ளுங்க சார். வெளிய வந்தா இழுக்கிறது தானா நடக்கும்" என்று தொண்டை வற்றச் சொன்னேன். பவ்யமாகத் தலையாட்டினார். மறுபடி கன்னத்தை உப்பிக்கொண்டே வந்தார்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல நாலாவது லேனில். வருடக்கணக்காக இந்தக் குளத்தில் நான் சொல்லிக்கொடுக்கிறேன், அவர் நீந்துகிறார். வீட்டில் என் பேச்சு எடுபடாது. தண்ணீரில் இறங்கிவிட்டால் மட்டும் நான் சொன்னதுதான் சட்டம். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், நாள் முழுக்கக் கிரீஸும் இருட்டும். காலையில் இந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

இன்று இரண்டு மூன்று தடவை லேனைப் பிரிக்கிற கயிற்றில் இடது கை உரசியது. மூச்சு வாங்கும்போது தலையைத் தூக்குகிறார் போல. சோம்பேறித்தனம். கவனிக்க வேண்டும்.

பிப்ரவரி 3, சனி

தலை இல்லை, கைதான். இடது கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது. வலது கை ஒழுங்காக இழுப்பதால் உடம்பு இடது பக்கமாகத் திரும்பிவிடுகிறது. வலது கையை முன்னால் நீட்டி வைத்துவிட்டு இடது கையால் மட்டும் போகச் சொன்னேன். பாதிக் குளத்தில் நின்றுவிட்டார்.

"தோள் இறுகிப் போச்சு. வயசாகுதுல்ல?"

"வயசு மேல பழியைப் போடாதீங்க. இறங்குறதுக்கு முன்னாடி தோளைச் சுத்தி, உடம்பைச் சூடு பண்ணிக்குங்கன்னு ஊருக்கே சொல்றேன். கட்டினவருக்கு மட்டும் காதுல ஏறாது."

சிரித்தார். பாதிச் சிரிப்புதான். சமீபத்தில் முழுசாகச் சிரிக்கவே காணோம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கயிறு. மறுபடியும் கயிறு.

மார்ச் 14, வியாழன்

கையில் மாட்டும் பலகை கொடுத்துப் பார்த்தேன். இன்னும் மோசம். எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் இழுக்கிறேன்னுதான் நினைக்கிறேன். கை வேற எங்கயோ இருக்கு" என்றார்.

இதுவும் நான் கேட்டுச் சலித்த வசனம்தான். வயது வந்தவர்கள் எல்லாரும் தங்கள் கை நேராகப் போவதாகத்தான் நினைப்பார்கள். படம் பிடித்துக் காட்டினால் முகம் தொங்கிப்போகும். போனில் எடுத்து இவருக்கும் காட்டினேன். திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். யாரோ வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஏப்ரல் 5, வெள்ளி

தோளுக்காகப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனேன். சின்னப் பெண். தோளை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு வெளியே வராந்தாவில் கடைசிவரை நடந்துவிட்டு வரச் சொன்னாள். தோளுக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல்.

"இடது கை வீசவே இல்லையே ஆன்ட்டி. எவ்ளோ நாளா இப்படி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவே இல்லை. அவர் கட்டைவிரல் தண்ணீரில் எந்தச் சாய்வில் நுழைகிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தரையில் அவர் பக்கத்தில் நடந்திருக்கிறேனே தவிர, அவர் நடப்பதைப் பார்த்ததில்லை. தோளில் கோளாறு இல்லையாம். நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாள்.

மே 2, வியாழன்

பார்க்கின்சன்.

டாக்டர் என்னென்னவோ சொன்னார். மாத்திரை, உடற்பயிற்சி, மெதுவாகத்தான் போகும், பயப்பட வேண்டாம். இவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நீந்தலாமா?"

"தாராளமா. ஆனா தனியா இறங்காதீங்க. கூட ஆள் இருக்கணும்."

"என் வீட்டுக்காரியே கோச்சு" என்றார். அந்த அறையில் வைத்து, அந்தச் செய்தியைக் கேட்ட கையோடு, பெருமையாகச் சொன்னார்.

மருந்துக்கடை வரிசையில் நின்றபோதுதான் அழுகை வந்தது. கை சரியில்ல, கை சரியில்லன்னு அந்த மனுஷனை எப்படி வறுத்தெடுத்தேன். அவரு சொன்னாரே — கை வேற எங்கயோ இருக்குன்னு. வாய்விட்டுச் சொன்னாரே.

ஜூன் 11, செவ்வாய்

மாத்திரை வேலை செய்கிறது. இன்று சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். வாசலில் நடக்கும்போது இரண்டு கையும் வீசியது. நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே பட்டாளத்துக்காரன் மாதிரி வீசி நடந்து காட்டினார். நாளைக்குக் குளத்துக்கு வருகிறாராம். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்கும் குரலில் உயிர் வந்தது.

ஜூன் 12, புதன்

முதல் பாதி அழகாகத்தான் போனார். நான் கரையிலேயே கூட நடந்தேன். ஆழம் ஆரம்பிக்கிற இடத்தில் கால்கள் இறங்கின. பிறகு இடுப்பு. இடது பக்கமாகப் புரண்டார், புரண்டவர் அப்படியே நின்றுவிட்டார். கை எதுவும் செய்யவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இடுப்பைத் தூக்குங்க" என்று கத்தினேன். ஐயோ. அவர் முங்கிட்டிருக்காரு, நான் பாடம் நடத்துறேன்.

குதித்துவிட்டேன். போட்ட உடையோடு. கரைக்கு இழுத்து வந்ததும் ஆடிட்டர்தான் கைகொடுத்து மேலே தூக்கினார். இவர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டார். இருமி முடித்து, என்னைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துச் சொன்னார்: "எப்படின்னு மறந்துபோச்சு. எனக்கு இல்லை. உடம்புக்கு."

ஜூன் 14, வெள்ளி

டாக்டரிடம் ஓடினோம். நடை திரும்பினாலும் சிலருக்கு நீச்சல் திரும்புவதில்லையாம். ஆழத்துப் பக்கம் இனிமேல் போகவே கூடாதாம்.

இந்தத் தடவை இவர் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இன்னமும் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறார். என் டவலை எடுத்துப் பையில் வைக்கிறார், கதவைத் திறந்துவிடுகிறார். தான் மட்டும் வருவதில்லை. நேற்று மெல்லப் பேச்செடுத்தேன், இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாமே என்று.

"குழந்தைங்க நிக்கிற இடத்துல என்னை நிறுத்தி வெச்சுப் பார்க்கணுமா உனக்கு?"

"எனக்கென்ன, நாலு சுவத்தையே பார்த்துட்டு உக்காருங்க" என்றுவிட்டேன். அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறார். அதைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆடிட்டர் இன்று நிற்காமல் முழுக் குளத்தையும் கடந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த நல்ல மனுஷன் மேல் எனக்கு வயிற்றெரிச்சல். எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

வீட்டில் சொல்லக் கூடாது என்று இருந்தேன், வாய் சும்மா இருக்கவில்லை.

"கன்னத்தை உப்பாம போனாரா?" என்று இவர் கேட்டார்.

"கடைசியில கொஞ்சம் உப்பினார்."

"ரெண்டு பக்கமும் மூச்சு வாங்கப் பழக்கு. ஒரே பக்கம்னா கழுத்து பிடிச்சுக்கும்." சாப்பாடு ஆறிப்போகும்வரை ஆடிட்டரின் கால் உதை, தோள், கழுத்து என்று பேசிக்கொண்டே இருந்தார். எழுந்து போகும்போது, "ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்குமா?" என்றார்.

இருக்காது என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

வந்தார்.

இத்தனை வாரம் நாளைக் கடத்திக் கடத்தி, இன்று நான் கிளம்பும்போது தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். குளத்தில் யாரும் இல்லை. காவல்காரர் மட்டும் ஓரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கினார். பிறகு, "மல்லாக்கப் படுக்கவா?" என்றார்.

புதிதாக வருகிறவர்களை மிதக்க வைக்கும்போது நான் ஒரு பொய் சொல்வதுண்டு. முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்திருப்பேன். உடம்பு தளர்ந்து தண்ணீரை நம்ப ஆரம்பித்ததும் கையை உருவிக்கொள்வேன். "பிடிச்சிருக்கீங்களா மேடம்?" என்பார்கள். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்பேன். நான் விட்டது தெரியாமலேயே மிதந்துகொண்டிருப்பார்கள்.

இவருக்கும் அப்படித்தான் உருவிப் பார்த்தேன். இடது இடுப்பு உடனே இறங்கியது. பிடித்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்தேன். மறுபடி இறங்கியது. காதுவரை தண்ணீர் ஏறியதும் அவர் முகம் வெளிறியது. அதற்கப்புறம் நான் எடுக்கவில்லை.

"எடுத்துட்டியா?" என்று கேட்டார்.

"ம். எடுத்துட்டேன்."

என் இரண்டு உள்ளங்கையும் முழுசாக அவர் முதுகில் பதிந்திருந்தன. அது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கை மரத்துப்போகிற வரைக்கும் அப்படியே நின்றிருந்தேன்.