கரும்பலகைக்குப் பின்னால் மாப்பிள்ளை

மசாக்கா

என் கண்ணுக்குட்டி,

கல்லூரியில் பருவம் முடியும் வாரம். விடைத்தாள்கள் கட்டிலில் தூங்குகின்றன, நான் தரையில். வேகவைத்த மத்தோக்கே வாழைக்காய் இரண்டு முறை அடிப்பிடித்தது. உன் அப்பா இரண்டு முறையும் பாராட்டிச் சாப்பிட்டார்.

நேற்று வாய்மொழித் தேர்வு. நம் ஊர் வழக்கப்படி, நிச்சயமான பிறகு மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாதே! உன் கலுலே கரும்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தான். நான் இந்தப் பக்கமிருந்து கேள்வி கேட்டேன்.

"சத்தமாச் சொல்லுங்க மாப்ள, அத்தைக்குக் காது கேக்கல!" என்று காத்திருந்த பயல்கள் கத்தினார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

திணறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் நாலு மதிப்பெண் கூடப் போட்டுவிடுவேன், உனக்குத் தெரியும். அவனிடம் பார்க்க முகம் இல்லை. பதில்தான் கேட்டது, அதுவும் பாதி. தேர்ச்சிக்கு மூன்று குறைகிறது.

சாயங்காலம் சமையலறைச் சுவருக்கு வெளியே நின்று, "அத்தை, பட்டம் வந்தாத்தான் கல்யாணம்னு மாமா சொல்லிட்டாரு. டிசம்பர்ல நடந்துரும்ல?" என்றான்.

"அடுப்புல வேலையா இருக்கேன் மாப்ள" என்றேன்.

இப்போது நாலு போட்டால் அது மாணவனுக்குப் போட்டதாகாது. மதிப்பெண் பட்டியலை அப்படியே அனுப்பிவிட்டேன். அவனிடம் நீயே சொல்லிவிடு. என்னைத் திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. நீயாவது என் முகத்தைப் பார்க்கலாம்.

தூக்கமில்லாத உன்
அம்மா