இரண்டு கம்பும் என் தோளும்

நான் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டிராத என் அன்பு வீட்டுக்காரருக்கு,

காஜா பெராங் தெரு வீட்டில் எல்லோரும் சுகம். நீங்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மெர்டேக்கா, நம் சுதந்திரம், வந்துவிட்டது. பாடாங் திடலில் அப்படிக் கூட்டமாம். நீங்கள் இல்லாமல் நான் மட்டும் போய் என்ன செய்ய? ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கம்புகளைப் பற்றி. செத்துப்போனவரிடம் சண்டை பிடிக்கிறாளே என்று நினைத்தாலும் சரி.

உங்கள் இனிப்புநீர் வியாதிக்கு நடை நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, சாயங்காலம் இருவரும் புக்கிட் சீனா மேட்டில் ஏற ஆரம்பித்தோம். ஏறும்போது நீங்கள் முன்னால், நான் பின்னால். இறங்கும்போதுதான் உங்கள் முழங்கால் மக்கர் பண்ணும். என் தோளில் கையை ஊன்றிக்கொள்வீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க நீங்கள் என்னைத் தொட்டது அந்த இறக்கத்தில்தான். உச்சிக்குப் போனதுமே நான் இறங்க அவசரப்படுவேன். கவனித்தீர்களா?

பிறகு ஒருநாள் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு மூங்கில் கம்பு வெட்டி வந்தீர்கள். "ரெண்டு கையிலயும் ஊனி எறங்குனா முட்டிக்குப் பாரம் கொறையும்னு ஆஸ்பத்திரி நர்ஸு மிஸ்ஸி சொல்லுச்சு" என்றீர்கள். கம்பை முன்னால் ஊன்றி, அப்புறம் காலை வைத்து, சறுக்காமல் முனகாமல் இறங்கினீர்கள். "பாத்தியா, வலியே இல்ல!" என்று சிரிப்பு வேறு. இரண்டு கையிலும் கம்பு. என் தோளுக்கு ஏது கை? எனக்கு வயிறு எரிந்தது. அந்த மூங்கிலைப் பார்த்தாலும் எரிந்தது, மிஸ்ஸியை நினைத்தாலும் எரிந்தது.

இப்போது எனக்கும் முழங்கால் வலி. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அதே மிஸ்ஸி. கம்பு ஊன்றச் சொன்னாள். "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று சொன்னேன். அதற்கு அவள்:

"ஒங்க வீட்டுக்காரரு அன்னிக்கு என்னா கேட்டாரு தெரியுமாக்கா? 'நான் அழுத்தி அழுத்தி எம் பொஞ்சாதிக்குத் தோளு வலி. படுத்தா பெரண்டுக்கிட்டே இருக்கா. கேட்டாலும் சொல்லமாட்டான்னு நான் கேக்கல. வேற வழி இருக்கா மிஸ்ஸி?'ன்னாரு. அவரு முட்டியப் பத்திக் கேக்கவே இல்லலா."

நேற்று உங்கள் கம்புகளை எடுத்துக்கொண்டு போய் இறங்கிப் பார்த்தேன். முழங்கால் தேவலாம். அடிவாரத்துக்கு வருவதற்குள் கையும் தோளும் கடுத்துவிட்டன. நான் சுமந்ததை நீங்கள் வாங்கி உங்கள் தோளிலேயே போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறீர்கள்.

அழுதேன். ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை. என் தோள் வலியை யாரோ ஒரு மிஸ்ஸியிடம் சொல்லத் தெரிந்த மனுஷர், என்னிடம் ஏன் கேட்கவில்லை? "வலிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "இல்லவே இல்லை" என்று கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். இன்னும் கொஞ்ச நாள் உங்கள் கை அங்கேயே இருந்திருக்கும்.

நான் கம்போடுதான் இறங்குவேன், விழமாட்டேன், கவலைப்படாதீர்கள். அங்கேயும் மேடு இருந்தால் நான் வரும்வரை நீங்களும் கம்பு வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றைக்கே இரண்டையும் பிடுங்கி எறிவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
தோள் வலியே இல்லாத உங்கள் மனைவி,
பாக்கியம்