பெயர் சொல்லாமல் விற்கிற அறை

முருகன் துணை

குட்மேய்ஸ்,
20.11.1993, சனிக்கிழமை

அன்புள்ள மகன் குகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன் என்று நாலு வருஷமாக எழுதிவந்த வரியை இந்த முறை எழுதக் கை வரவில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் மெலிந்திருக்கிறாய், பின்பக்கம் தலைமயிர் கொட்டத் தொடங்கிவிட்டது, அந்தக் கறுப்புக் கோட் உனக்குத் தோளில் பெரிது. யார் சொன்னது என்று யோசிக்காதே, ஒருவரும் சொல்லவில்லை. போன திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ரொரன்ரோவில் இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளையை லண்டனில், பாடிங்டன் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மூன்றாம் மாடியில் பார்த்தேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். செப்டம்பரில் நீ போனில், அம்மா, என்ரை ஒவ்வீஸ் பெடியன் ஒருத்தன் லண்டனுக்கு வாறான், கொம்பனி குடுக்கிற காசு காணாது, மலிவா ஹோட்டல் எடுக்கிறது எப்பிடி எண்டு கேட்டுச் சொல்லுங்கோ என்று கேட்டாய். எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, படித்த பிள்ளை என்னிடம் ஒரு விஷயம் கேட்கிறானே என்று. நான் வேலை செய்கிற ஹோட்டலில் ரிசெப்ஷனில் இருக்கிற மேரிறோஸைத் தேத்தண்ணி நேரத்தில் பிடித்துவைத்து விசாரித்து, உனக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற விலையை நம்ப வேண்டாம், அதை விசரன்கூடக் கொடுக்க மாட்டான் என்று எழுதினேன். வியாபாரத்துக்கு வந்தவர்கள் வெள்ளிக்கிழமையோடு போய்விடுவார்கள், சனி ஞாயிறு பாதி விலைக்கும் தருவார்கள், ஆனால் நாங்களாக வாய் திறந்து கேட்க வேண்டும், கொம்பனியின் பெயரைச் சொன்னால் விலையில் இன்னும் கழிப்பார்கள், காலைச் சாப்பாடு சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்காமல் அறைக் கதவின் திறப்பைக் கையில் வாங்கக் கூடாது என்றும் எழுதினேன். எல்லாவற்றையும்விட மலிவான வழியைக் கடைசியில் எழுதினேன், ஞாபகம் இருக்கும். விக்டோரியா ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சின்னக் கடை இருக்கிறது, ஹோட்டல்காரர் மிஞ்சின அறைகளை அங்கே தள்ளிவிடுவார்கள், ஆனால் ஹோட்டலின் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது என்பது நிபந்தனை, காசைக் கட்டின பிறகுதான் எந்த ஹோட்டல் என்று துண்டு எழுதித் தருவார்கள். எங்கே போய் விழுவோம் என்று தெரியாது, அதனால்தான் அந்த விலை. எங்கள் ஹோட்டலும் அங்கே அறை கொடுக்கிறது என்று மேரிறோஸ் சொன்னதை மட்டும் நான் எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஹோட்டல் எடுக்கிறது வெள்ளைக்காரரும் உன் ஒவ்வீஸ் ஆட்களும் செய்கிற வேலை என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் ஆட்களில் யார் ஹோட்டலில் நிற்கிறது, நீயே சொல். டென்மார்க்கில் இருந்து வசந்தமலர் மாமியின் அண்ணை குடும்பம் பதினொரு பேராக வந்திறங்கினபோது இந்த இரண்டரை அறை வீட்டில் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைத்தோம். வீட்டுக்காரரான இராஜேந்திரன் மாமாவே ஐந்து இரவு காருக்குள் படுத்தார். வந்தவர்களில் ஒருவர், நாங்கள் இரண்டு பேர் வெளியில ஒரு றூம் எடுக்கிறமே என்று மெல்லக் கேட்டதற்கு மாமா முகம் கறுத்து, அப்ப எங்களோடை கோவமோ என்று கேட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சொந்த வீடு இருக்க ஹோட்டலுக்குப் போகிறவன் வீட்டுக்காரனோடு பகை என்றுதான் ஊர் கதைக்கும், உலகம் அறிந்த விஷயம்.

போன ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு வழக்கம்போல நீ போன் எடுத்தாய். மற்ற நேரங்களில் நான் சொன்னது எனக்கே திரும்பிவந்து காதில் விழும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்துப் பிறகு இரண்டு பேரும் பேசாமல் நிற்போம். அன்றைக்குக் குரல் பக்கத்து வீட்டில் இருந்து வருவது மாதிரி இருந்தது. வசந்தமலர் மாமியிடம் சொன்னேன், கனடாவில் புது லைன் போட்டிருக்கிறார்கள் போல என்று. அங்கே குளிர் எப்படி ராசா என்று கேட்டேன். நீ, சரியான ஸ்நோ அம்மா, வெளியில போகேலாது என்றாய். சப்பாத்து நனையாமல் பார்த்துக்கொள், தலைக்குத் தொப்பி போடு என்று நான் புத்தி சொன்னேன். நீ ஓம் அம்மா, ஓம் அம்மா என்றாய். இதை எழுதும்போதுகூட எனக்கு நம்ப ஏலாமல் இருக்கிறது. பதினைந்து மைல் தூரத்தில் கட்டிலில் இருந்துகொண்டு பெற்ற தாயிடம் ஸ்நோ கொட்டுகிறது என்று சொன்னாயே குகன்.

மேலே எழுத முதல் நானும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மிச்சக் கதை உனக்கு விளங்காது. ஹோட்டலில் அறை பதிகிற ரிசர்வேஷன் பகுதியில் போனுக்கு மறுமொழி சொல்கிற வேலை என்று நான் உனக்குச் சொல்லி வந்தது பொய். நான் அந்த ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறேன். வந்த நாளில் இருந்து அதே வேலைதான். ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் இங்கே மற்றவர்களின் குளியல் தொட்டி தேய்க்கிறாள் என்று உனக்கு எழுத மனம் வரவில்லை. நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய், கேட்டால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போவாய் என்று பயந்தேன். பிறகு நீ படித்து முடித்தாய், அப்போதாவது சொல்லியிருக்கலாம், வெட்கம் விடவில்லை. ஹோட்டலின் பெயரை நான் உனக்கு ஒருநாளும் சொல்லாததும் அதனால்தான்.

எனக்கு முதலாம் இரண்டாம் மாடிதான். திங்கட்கிழமை டொலறஸுக்குச் சுகமில்லை, அவள் மன்னார்ப் பிள்ளை, மூன்றாம் மாடி அவளுடையது, அதில் பாதியை என் தலையில் கட்டினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தவுடனேயே ஏதோ வித்தியாசமாக இருந்தது. கட்டில் சுருக்கமில்லாமல் ஒழுங்காக விரித்துக் கிடந்தது. ஹோட்டலில் நிற்கிற ஒருவரும் தன் கட்டிலைத் தானே விரிப்பதில்லை. ஈரத்துவாயை உதறிக் கதிரையின் முதுகில் காயப் போட்டிருந்தது. யாரோ அடக்கமான ஆள் என்று நினைத்துக்கொண்டு மேசையைத் துடைக்கப் போனேன். அங்கே கறுப்புப் பிலிம் டப்பி ஒன்று இருந்தது, மூடியில் பிளாஸ்டர் ஒட்டி, அதில் நல்லூர் என்று எழுதியிருந்தது. என்னுடைய எழுத்து. போன வருஷம் இராஜேந்திரன் மாமா ரொரன்ரோவுக்கு வந்தபோது உனக்குக் கொடுத்துவிட்ட திருநீறு. முதலில் எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா, என் பிள்ளையிடம் இருந்து யாரோ களவெடுத்துவிட்டான் என்பதுதான். நீயே வந்திருப்பாய் என்று மனம் போகவே இல்லை. பிறகு தள்ளுவண்டியில் கொழுவியிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். 312, அம்பலவாணன். அப்பாவின் பெயர். அவர் செத்து ஏழு வருஷம். நாங்கள் அறையில் இருக்கிறவர்களின் கட்டிலில் குந்தக் கூடாது, கண்டால் வேலை போய்விடும், ஆனாலும் நான் உன் கட்டிலில் குந்திவிட்டேன்.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. லிப்ட் கதவு சத்தம் கேட்டது, வெளியே ஆள் நடந்து வருகிற சத்தம் கேட்டது. அது உன் நடை. ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற அந்த நடை எனக்குத் தெரியாதா. ஓடிப் போய்க் கட்டிப்பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கன்னத்தில் ஒன்று தந்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. மேலுக்கு ரோஸ் நிற ஓவரோல், கையில் மஞ்சள் ரப்பர் உறை, மற்றக் கையில் கக்கூஸ் தேய்க்கிற பிரஷ். குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு விரல் இடைவெளிக்குள்ளால் மேசைக் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். மன்னிக்க வேண்டும், குடையை மறந்துபோய் விட்டுவிட்டேன், ஒரு நிமிஷம் என்று இங்கிலீஷில் சொன்னாய். நல்ல மரியாதையாகச் சொன்னாய். மறுமொழி சொல்லாவிட்டால் கதவைத் திறந்து பார்ப்பாயோ என்ற பயத்தில், குரலை மாற்றி, ஓகே சேர் என்றேன். என் வாயால் உன்னைச் சேர் என்று கூப்பிட்டேன் குகன். நீ தாங்க்யூ சொல்லி, மேசையில் எதையோ வைத்துவிட்டுப் போய்விட்டாய். வெளியே வந்து பார்த்தேன், ஒரு பவுண் காசுக் குற்றி இரண்டு. எனக்கு.

அறையை அப்படியே போட்டுவிட்டு வர ஏலாது, பன்னிரண்டு மணிக்கு மேற்பார்வைக்காரி வந்து பார்ப்பாள். அழுது அழுது தொட்டியைத் தேய்த்தேன். ஒரு அறைக்கு பிஸ்கட் இரண்டு பக்கட்தான், உனக்குப் பத்து வைத்தேன், துவாய் இரண்டு கூட வைத்தேன், நீ கவனித்தாயோ தெரியாது. மறுநாள் டொலறஸ் வந்துவிட்டாள். தேத்தண்ணி குடிக்கும்போது, 312இல நிக்கிற பெடியன் கட்டிலையும் தானே விரிச்சுப்போட்டுப் போறானக்கா, ஆரோ நல்ல தாய் வளத்த பிள்ளை என்றாள். நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டேன். புதன்கிழமை காலை நீ திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனதாக மேரிறோஸ் சொன்னாள். சனிக்கிழமை விக்டோரியாக் கடைத் துண்டோடு வந்த ஆள் என்றும் சொன்னாள், மலிவாக ஹோட்டல் தேடின அந்த ஒவ்வீஸ் பெடியன் நீதான் என்று அப்போதுதான் விளங்கிற்று. நான்கு இரவு லண்டனில் நின்றிருக்கிறாய்.

வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இராஜேந்திரன் மாமா அறிந்தால் உன்னோடு ஆயுசுக்கும் கதைக்க மாட்டார். வியாழக்கிழமை முழுக்க உன்மேல் நெருப்பாய் எரிந்தேன், கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். நேற்றுத்தான் நீ முந்தி வந்துபோனதை ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முதல் பத்து நாள் வந்து நின்றாய். என் கட்டிலை உனக்குத் தந்துவிட்டு நான் குசினி நிலத்தில் படுத்தேன், இரவில் தண்ணீர் குடிக்க வந்த நீ இருட்டில் தெரியாமல் என்னை மிதிக்கப் பார்த்தாய். சம்பளமில்லாத லீவு எடுத்து மூன்று நேரமும் சமைத்துத் திணித்தேன். காலையில் குளியலறைக்கு எட்டுப் பேரோடு வரிசையில் நின்றாய். கலியாணம் பேசுகிற ஆனந்தராஜா மாஸ்டர் மூன்று தரம் சாதகக் கட்டோடு வந்து, தம்பிக்குக் கனடா சிற்றிசன் கிடைச்சிட்டுதோ என்று உன் முகத்துக்கு நேரே கேட்டார். ஹீத்ரோவில் வைத்து, இனி உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன் அம்மா என்றாய். நான் அதை மரியாதைப் பேச்சு என்று நினைத்தேன். நீ சொன்னபடி செய்துகாட்டிவிட்டாய். நீ ஒரு பொய் சொன்னாய், நான் நாலு வருஷமாக ஒரு பொய் சொன்னேன். கணக்குப் படிப்பித்தவள் ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தேன், கோபப்பட எனக்கு மிச்சம் அவ்வளவாக இல்லை.

ஆனபடியால் இனி ஒழுங்கு இதுதான். அடுத்த முறை நீ வருகிறாய் என்று நான் ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், மாஸ்டருக்கு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். நீ முன்னறைச் செற்றியில் படு, நான் என் கட்டிலில்தான் படுப்பேன். லீவு எடுக்க மாட்டேன், காலையில் நீ உன் வேலைக்குப் போ, நான் என் வேலைக்குப் போகிறேன், லிவர்பூல் ஸ்ட்ரீட் வரைக்கும் ஒரே ரயிலில் போகலாம். பசித்தால் சாப்பிடு, பசிக்காவிட்டால் விடு. உனக்கு விருப்பமென்றால் மேரிறோஸிடம் கூட்டிக்கொண்டு போய் இவன்தான் என் மகன் என்று காட்டுவேன், ஓவரோலோடுதான் காட்டுவேன். வேண்டாமென்றால் அதுவும் சரி.

நாளைக்கு ஞாயிறு, நீ போன் எடுப்பாய். கடிதம் வந்துசேர ஒரு கிழமை செல்லும், அதனால் நாளைக்கு இதைப் பற்றி நான் ஒன்றும் கதைக்க மாட்டேன், ஸ்நோ எப்படி என்றும் கேட்க மாட்டேன். அழுதால் தடிமன், மூக்கடைப்பு என்று நினைத்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை, அந்தக் கோட்டைத் தையற்காரனிடம் கொடுத்துத் தோளைப் பிடிக்கச் சொல். முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ நீடூழி வாழ வேண்டும்.

கடுதாசிக்குள் பஞ்சில் சுற்றி ஒட்டியிருப்பதைக் கிழித்துவிடாமல் எடு. இன்று காலை அப்டன் பார்க்குக்கு மரக்கறி வாங்கப் போன இடத்தில், சப்பாத்துத் திருத்துகிற கடையில் எங்கள் முன்கதவுத் திறப்புக்கு இன்னொன்று வெட்டுவித்தேன். கேட்ட விலை இரண்டு பவுண், கழிவு ஒன்றும் கேட்காமல் நீ மேசையில் வைத்துவிட்டுப் போன இரண்டு குற்றியையும் கொடுத்தேன். எந்த நேரம் வந்தாலும் மணி அடிக்காமல் திறந்துகொண்டு வா. இந்தத் திறப்பைப் போகும்போது திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா
சிவமலர் அம்பலவாணன்